செட்டு வந்த வழி

விருதுநகர் மாவட்டத்துக் கூமாப்பட்டியில் யாரையாவது நிறுத்தி பம்புசெட் எங்கே என்று கேட்டால், கையை நீட்டித் தென்னந்தோப்புக்குள் நிற்கும் ஓர் அறையைக் காட்டுவார்கள். செங்கல் சுவர், மேலே கான்கிரீட் தளமோ ஆஸ்பெஸ்டாஸோ, ஒற்றைக் கதவு, கதவுக்குப் பக்கத்தில் பெயிண்டில் எழுதிய மின் இணைப்பு எண். "பம்புசெட்டுல படுத்துக் கெடக்கான்", "பம்புசெட்டுச் சாவிய எங்க வச்ச?", "பம்புசெட்டுக்குப் பின்னால சாரப்பாம்பு போகுது" என்று பேச்சில் வருவதெல்லாம் இடத்தைத்தான் சொல்கின்றன. அதே ஆள் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கடைத்தெருவில் நின்று "அஞ்சு எச்.பி. செட்டு என்ன வெல வருது?" என்று கேட்கும்போது அந்தச் சொல்லுக்குள் அறையும் இல்லை, கதவும் இல்லை. ஒரு மோட்டார், ஒரு பம்பு, அவற்றைப் பிணைக்கிற உதிரிகள், அவ்வளவுதான்.

ஆங்கிலம் படிக்கிற பிள்ளைகளைத் திணறடிக்கும் சொற்களில் 'செட்'டுக்குத் தனி இடம் உண்டு. 1989-ல் 20 தொகுதிகளாக வெளிவந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பில் மிக நீளமான பதிவு இந்தச் சொல்லுக்குத்தான். வினைச்சொல்லாக மட்டும் 430-க்கு மேற்பட்ட பொருள்கள். அவற்றை விளக்க ஏறத்தாழ 60,000 சொற்கள். எந்த ஆசிரியரும் இதைப் பட்டியல் போட்டு நடத்தி முடிக்க முடியாது. முயன்றவர்கள் பத்தாவது பொருளிலேயே களைத்திருப்பார்கள். ஆனால் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் பிறந்த பிள்ளை இந்தச் சொல்லை வகுப்பறைக்கு வெளியிலேயே, ஒன்றாம் வகுப்புக்கு முன்பே, பத்துப் பதினைந்து பொருளில் புழங்கிக்கொண்டிருக்கிறது. அது ஆங்கிலம் என்று அதற்கு யாரும் சொல்வதில்லை.

செட்டின் பூர்வீகமே கொஞ்சம் சிக்கலானது. ஆங்கிலத்தில் அது ஒரு தாய் வயிற்றுப் பிள்ளை இல்லை. பழைய ஆங்கிலத்தில் 'உட்கார்' என்ற வினையிலிருந்து 'உட்கார வை' என்ற பிறவினையாகப் பிறந்தது ஒன்று. ஒரு பொருளை ஓரிடத்தில் நிலையாக வைப்பது, நிறுத்துவது, பதிப்பது எல்லாம் இதன் வழி. இன்னொன்று லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. 'பின்தொடர்' என்ற வேரில் கிளைத்து, ஒருவரைப் பின்பற்றும் கூட்டம் என்றாகி, பிறகு கூட்டம், தொகுதி என்று விரிந்தது. சமயப் பிரிவைக் குறிக்கும் 'செக்ட்' இதற்கு உடன்பிறப்பு. இரண்டுக்கும் ஓசை ஒன்றாகிப்போனதால் காலப்போக்கில் ஒரே வீட்டில் குடியிருக்க ஆரம்பித்துவிட்டன. அகராதி அத்தனை பக்கம் வீங்கியதற்கு இந்தக் கலப்பும் ஒரு காரணம்.

இந்த இருவரில் கப்பலேறித் தமிழ்நாட்டுக்கு முதலில் வந்தது இரண்டாமவர்தான், தொகுதிக்காரர். முதலாமவருக்கு இங்கே வேலையே இல்லை. அந்த இடத்தில் 'வை' ஏற்கெனவே சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தது. தீ வைக்கிறோம், விலை வைக்கிறோம், கெடு வைக்கிறோம், எலிக்குப் பொறி வைக்கிறோம், கோழியை அடை வைக்கிறோம். இந்த ஐந்துக்கும் ஆங்கிலத்தில் செட் போடலாம், ஒன்றுகூடப் பிசகாது. அப்புறம் உலை வைப்பது, பொட்டு வைப்பது, பேர் வைப்பது, மொய் வைப்பது என்று 'வை' தன் போக்கில் எங்கோ போய்விடும். இப்படிப்பட்ட வினை கையில் இருக்கும்போது எந்த ஊர் வேற்று வினையைக் கடன் வாங்கும்? கடன் வாங்குகிறவர்கள் வீட்டில் இல்லாததைத்தான் வாங்குவார்கள். இல்லாதிருந்தது, தனித்தனியாகச் செய்து பெட்டியில் அடைத்துச் சேர்த்து விற்கப்படுகிற இயந்திரங்களுக்கு ஒரு பெயர்.

அதற்கு முன்பு இறவைக் கிணற்றில் இருந்தது கமலை. இரண்டு மாடு, வடம், சால், தும்பி, உருளை. ஒவ்வொன்றையும் தச்சரும் கொல்லரும் தோல் தைப்பவரும் தனித்தனியாகச் செய்து கொடுத்தார்கள். சேர்ந்து நின்றபோது அதற்குக் கமலை என்று பேர். அதை யாரும் செட்டு என்று சொல்லத் தேவைப்படவில்லை. முதலில் வந்தது ஆயில் எஞ்சின். எஞ்சின் ஒரு பக்கம், பம்பு ஒரு பக்கம், நடுவே பெல்ட். பின்னால் மின்சாரம் வந்தது. 1932-ல் பைக்காரா, 1937-ல் மேட்டூர், தென்பாண்டிச் சீமைக்கு 1944-ல் பாபநாசம் என்று நீர்மின் நிலையங்கள் எழுந்தன. 1937-ல் கோயம்புத்தூரில் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து உருவாக்கிய மோட்டார்தான் இந்தியாவின் முதல் மின்மோட்டார் என்று சொல்லப்படுகிறது. கோவைப் பட்டறைகளிலிருந்து மோட்டாரும் பம்பும் ஜோடியாகப் புறப்பட்டுத் தமிழ்நாடு முழுக்கப் போயின. காமராஜர் முதலமைச்சராக இருந்த 1954 முதல் 1963 வரையிலான ஆண்டுகளில் கம்பிகள் கிராமங்களுக்குள் விரைந்து நுழைந்தன. அவர் 1952-ல் மக்களவைக்குப் போனது ஸ்ரீவில்லிபுத்தூர் தொகுதியிலிருந்து என்பதை இந்தப் பக்கத்துப் பெரியவர்கள் நினைவுபடுத்தாமல் விடமாட்டார்கள்.

பம்பு வந்ததும் ஒரு இயற்பியல் பாடமும் கூடவே வந்தது. மேலே இருந்து உறிஞ்சுகிற பம்பு, காற்றழுத்தத்தின் தயவில்தான் தண்ணீரை ஏற்றும். கணக்குப்படி பத்து மீட்டர், நடைமுறையில் ஏழு மீட்டர் தாண்டினால் மூச்சு வாங்கிவிடும். எனவே கோடையில் தண்ணீர் இறங்க இறங்க, பம்பும் கிணற்றுக்குள் இறங்கியாக வேண்டும். பாறையில் திட்டு வெட்டி, அதில் மோட்டாரை உட்கார வைத்தார்கள். காலையில் போட்டால் எடுக்காது. அடியில் இருக்கிற ஃபுட்வால்வு வழியே இரவெல்லாம் கசிந்து குழாய் காலியாகியிருக்கும். வாளி வாளியாக மேலே தண்ணீர் ஊற்றி, கசிவை அடைக்கச் சாணியைக் கரைத்து விட்டு, குழாய் நிறைந்து குமிழி அடங்கிய பிறகு ஒருவர் மேலே பார்த்துக் கத்துவார், "சித்தப்பா, போடுங்க!" மேலே ஸ்டார்ட்டரின் பச்சைப் பொத்தான் அழுங்கும். முதலில் துப்பிக்கொண்டு வருவது சாணித் தண்ணி. அப்புறம்தான் தொட்டியில் வெள்ளையாக விழும்.

மோட்டாரும் ஸ்டார்ட்டரும் மழையில் நனையக் கூடாதே, அதற்காக ஓர் அறை கட்டினார்கள். இங்கேதான் நம் கதாநாயகன் ஒரு புது உறவைத் தேடிக்கொண்டான். கொட்டகைக்கு ஆங்கிலத்தில் ஷெட். தமிழ்நாட்டு நாக்கில் அது செட்டு. மாட்டுச் செட்டு, தகரச் செட்டு, பஸ்ஸை நிறுத்துகிற செட்டு, நெல் காயப்போடுகிற களத்துச் செட்டு. பம்பின் செட்டும் பம்புக்கான செட்டும் காதில் ஒன்றாக விழ, அறை இயந்திரத்தின் பெயரை எடுத்துக்கொண்டது. ஆங்கிலத்தில் இரண்டு செட்டுகள் எப்படிக் கலந்தனவோ அதே விபத்து கூமாப்பட்டியிலும் நடந்தது. மண்ணைத் தவிர எதுவும் மாறவில்லை. ஆங்கிலக் கட்டுரையில் "என் மாமா பம்புசெட்டுக்குள் தூங்கினார்" என்று ஒரு பையன் எழுதினால் சிவப்பு மையில் சுழி விழும். மோட்டாருக்கும் பம்புக்கும் இடையில் மாமா எப்படித் தூங்குவார்? என்னைக் கேட்டால் அந்தச் சுழியைப் போடுவதற்கு முன் வாத்தியார் ஒரு தடவை அந்த அறைக்குள் போய்ப் பார்த்துவிட்டு வரவேண்டும். அங்கே கயிற்றுக் கட்டில் இருக்கும். ராத்திரி மும்முனை மின்சாரம் எப்போது வரும் என்று காத்துக் கிடப்பதற்காகவே போட்ட கட்டில் அது.

இயந்திரத்தின் தோளில் ஏறி ஊருக்குள் வந்த சொல், இறங்கி நடக்க ரொம்ப நாள் ஆகவில்லை. அடுத்து மைக்செட். ஆம்ப்ளிஃபயர், ரிக்கார்டு சுழற்றுகிற பெட்டி, வேப்பமரத்தில் கட்டுகிற குழாய் ஸ்பீக்கர், இரண்டு மைக்கு. அம்மன் கோயில் பொங்கல், சடங்கு, காதுகுத்து, ஆடி அமாவாசைக்குத் தாணிப்பாறை வழியாகச் சதுரகிரி ஏறுகிற கூட்டம் என்று எதுவும் மைக்செட் இல்லாமல் நடக்காது. செட்டுக்காரர் என்றால் அவர்தான். அப்புறம் அது சரக்கிலிருந்து ஆளுக்குத் தாவியது. கரகாட்டச் செட்டு, நையாண்டி மேளச் செட்டு. இரண்டு நாகஸ்வரம், இரண்டு தவில், ஒரு பம்பை, ஒரு உறுமி, ஆடுகிறவர்கள், கோமாளி என எல்லாருக்கும் சேர்த்துப் பேசுகிற தொகைதான் செட்டுக்கான தொகை. ஆளுக்கொரு கூலி பேசுவதில்லை. பிறகு பள்ளிக்கூடம். "நாங்க எல்லாம் ஒரே செட்டு" என்றால் ஒரே வருசம் பத்தாவது எழுதியவர்கள். "அந்தச் செட்டோட சேராத" என்று அம்மா கண்டிக்கும்போது, ஒருவனைப் பின்தொடரும் கூட்டம் என்ற பழைய லத்தீன் பொருள் தெருமுனையில் முழுசாக எழுந்து நிற்கிறது. அம்மாவுக்கு லத்தீன் தெரியாது. ஆனால் பையன் யார் பின்னால் போகிறான் என்று நன்றாகத் தெரியும்.

பல் செட்டு, கம்மல் செட்டு, செட் தோசை, சீட்டாட்டத்தில் ஒரே எண்ணில் மூன்று சீட்டு, வாலிபாலில் இருபத்தைந்து புள்ளி, போட்டித் தேர்வில் வினாத்தாளின் மாற்று வடிவம் எல்லாம் இந்த வம்சம்தான். தளவாய்புரம் போன்ற ஊர்களில் தைக்கிற நைட்டியை மொத்த வியாபாரி வாங்கும்போது செட்டு என்றால் சின்னதிலிருந்து பெரியது வரை அளவுக்கு ஒன்று. 'எனக்குப் பெரிய சைஸ் மட்டும் குடுங்க' என்றால் கடைக்காரர் முகம் சுருங்கும். 'செட்டப்' மட்டும் வழியில் எங்கோ கெட்டுப்போய்ப் பொய்க்கும் கள்ள உறவுக்கும் பெயராகிவிட்டது. அதன் கதை வேறு.

நிலையாக வைப்பது என்ற முதல் பொருள் வெகுநாள் வாசலிலேயே நின்றது. அது உள்ளே வந்தது சிமெண்டு மூட்டையோடு. ராஜபாளையம் பி.ஏ.சி. ராமசாமி ராஜா தொடங்கிய மெட்ராஸ் சிமெண்ட்ஸ், இன்றைய ராம்கோ, தன் முதல் ஆலையை இதே மாவட்டத்தில் துலுக்கபட்டி அருகே அமைத்தது. சுண்ணாம்புக் காரைக்கு அவசரம் கிடையாது, அரைத்து வைத்துப் புளிக்க விட்டுப் பூசினார்கள். சிமெண்டு அப்படிப் பொறுக்காது. சாதாரண போர்ட்லாண்ட் சிமெண்டு தண்ணீர் பட்டதிலிருந்து 30 நிமிடத்துக்கு முன் இறுக ஆரம்பிக்கக் கூடாது, 600 நிமிடத்துக்குள் இறுகி முடிந்திருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். அரைக்கும்போதே கொஞ்சம் ஜிப்சம் சேர்ப்பது, அந்த முதல் அரைமணி நேரத்தைக் கொத்தனாருக்கு வாங்கித் தரத்தான். அந்த அரைமணி நேரத்தைக் கையில் வைத்துக்கொண்டு வேலை செய்கிறவருக்கு ஒரு சொல் வேண்டியிருந்தது. "செட்டாகுறதுக்குள்ள மட்டப்பலகை போட்டுத் தேச்சிரு" என்று சித்தாளைப் பார்த்துச் சொன்னார். இறுகுவது, கெட்டிப்படுவது, உறைவது என்று நம்மிடம் இருந்தவை இருக்கத்தான் செய்தன. ஆனால் கடிகாரத்தோடு கட்டிய இறுக்கத்துக்கு அவை தோதுப்படவில்லை.

அந்த 'செட்டாகு' கட்டட வேலையிலிருந்து எப்படித் தப்பித்து வந்தது என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். இன்று மனிதர்கள் செட்டாகிறார்கள். வேலை செட்டாகல, ஊரு செட்டாகல, தண்ணி செட்டாகல, அந்தப் பொண்ணுக்கும் இவனுக்கும் செட்டாகல. முன்பு தண்ணி ஒத்துக்காது, வேலை தோதுப்படாது, சம்பந்தம் சரிப்பட்டு வராது, கூட்டாளி ஒத்து வரமாட்டான், சட்டை உடம்புக்குச் சேராது. உடம்பு மறுக்கிறதா, சூழ்நிலை மறுக்கிறதா, மனசு மறுக்கிறதா என்பதை வினையே சொல்லிவிடும். இப்போது ஐந்து கதவுக்கும் ஒரே சாவி. கடன் சொற்கள் மேல் எனக்குப் பொதுவாகக் கோபம் கிடையாது. பம்புசெட்டும் மைக்செட்டும் புதுச் சரக்கோடு வந்தவை, எதையும் தள்ளிவிட்டு உட்காரவில்லை. செட்டாகுகிற செட்டு அப்படி இல்லை.

ஆனாலும் ஆங்கிலம் கற்கிறவனுக்கு இதில் ஓர் அனுகூலம் ஒளிந்திருக்கிறது. மைக்செட்டைக் கட்டுகிறோம். சினிமாவுக்குச் செட்டு போடுகிறோம். கூட்டாளிகளோடு செட்டு சேருகிறோம். அலாரத்தைச் செட் பண்ணுகிறோம். கான்கிரீட் செட்டாகிறது. பெயர் ஒன்றுதான், பின்னால் ஒட்டிய வினை மாற மாறப் பொருள் மாறுகிறது. ஆங்கிலத்தில் 'செட் அப்' என்றால் நிறுவு, 'செட் ஆஃப்' என்றால் கிளம்பு, வெடியைக் கொளுத்து, 'செட் இன்' என்றால் நிலைகொள், 'செட் அசைட்' என்றால் ஒதுக்கி வை. வினை ஒன்றுதான், பின்னால் ஒட்டிய சின்னச் சொல் மாற மாறப் பொருள் மாறுகிறது. 'கட்டு'வையும் 'ஆகு'வையும் குழப்பிக்கொள்ளாத கூமாப்பட்டிப் பையனுக்கு 'அப்'பும் 'இன்'னும் அந்நியமான தந்திரம் இல்லை. 'செட் இன்' நடத்த வேண்டுமா, ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை தொடங்கியதை அறிவிக்கிற ஆங்கிலச் செய்தியை எடுத்து வைத்தால் போதும். பிளவக்கல் பெரியாறு, கோவிலாறு அணைகள் நிறையுமா என்று பார்த்துக்கொண்டிருக்கிற வீட்டுப் பிள்ளைக்கு அது மறக்காது.

சூரியன் 'செட்' ஆவதுதான் எல்லாரையும் இடறும் இடம். சூரியன் எங்கே இறுகுகிறது, எந்தத் தொகுதியில் சேருகிறது? அஸ்தமனம் என்று பொருள் சொல்லி மனப்பாடம் பண்ண வைப்பார்கள். அதைவிடக் கிட்டத்திலேயே ஒரு விளக்கம் இருக்கிறது. மலைக்குக் கிழக்கே ஒட்டிக் கிடக்கிற ஊர் என்பதால் இங்கே வெயில் சீக்கிரம் மறையும். அப்போது சொல்வது, "பொழுது அடையப் போகுது, கோழியப் பிடிச்சு அடை." பொழுதும் அடைகிறது, கோழியும் அடைகிறது, முட்டை மேல் உட்கார்ந்தால் அதுவும் அடை. ஆங்கிலத்திலும் பொழுது சாய்வதற்கும் கோழியை முட்டை மேல் உட்கார வைப்பதற்கும் செட் ஒன்றேதான். ஒரு நாள் ஓடி முடித்ததும் தன் இடத்தில் போய் அமர்வது என்ற எண்ணம் இரண்டு ஊரிலும் ஒன்றாகத்தான் ஓடியிருக்கிறது. இதைச் சொல்லிக்கொடுக்க அகராதி வேண்டாம், பஞ்சாரக் கூடை போதும். இறந்த காலத்திலும் செட்தான் என்பதை மட்டும் உருப்போட்டே ஆகவேண்டும். அதற்கு எந்த வழியும் எனக்குத் தெரியவில்லை.

பள்ளிக்கூடம் இந்தச் சொல்லை உள்ளே விட்டது கணக்குப் புத்தகத்தில், அதுவும் பேரை மாற்றி. ஜெர்மன் கணிதர் கேன்டர் 1870-களில் தொடங்கிவைத்த கோட்பாடு, தமிழ்நாட்டில் ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தின் முதல் பாடமாக, 'கண மொழி' என்ற தலைப்பில் உட்கார்ந்திருக்கிறது. இலங்கைத் தமிழ்ப் பிள்ளைகள் அதையே தொடை என்று படிக்கிறார்கள். பூத்தொடுத்ததும் யாப்பும் நினைவுக்கு வருகிற அந்தச் சொல் எனக்குக் கணத்தைவிடப் பிடிக்கும். வெற்றுக் கணம், உட்கணம், வெட்டு என்று போகிற பாடத்தில் ஆங்கில வழியில் படிக்கிற பையனுக்கு ஒரு செட்டுக்குள் எதுவுமே இல்லாமல் இருக்கலாம் என்பது புதுச் செய்தி. ஒன்றுமே இல்லாததைச் செட்டு என்று விற்கிற கடையை அவன் ராஜபாளையத்தில் பார்த்திருக்கமாட்டான்.

2025 ஜூனில் இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் வழியாகக் கூமாப்பட்டி பெயர் பெற்றது. தண்ணீரும் தென்னையும் மலையும் செல்போன் திரையில் ஓடியதைப் பார்த்து வெளியூர்க்காரர்கள் வண்டி பிடித்து வந்தார்கள். அணையில் குளிக்க அனுமதி இல்லை என்பது வந்த பிறகுதான் பலருக்குத் தெரிந்தது. அப்படி வருகிறவர்கள் அடுத்துக் கேட்பது, "இங்க பம்புசெட்டு இருக்காண்ணே, குளிக்கிறதுக்கு?" இயந்திரமாக இருந்து அறையாக மாறிய சொல்லுக்கு இது மூன்றாவது பிறவி. பொள்ளாச்சிப் பக்கமும் தென்காசிப் பக்கமும் தங்கும் விடுதிகள் பம்புசெட் குளியல் உண்டு என்று விளம்பரம் செய்கின்றன. கேட்கிறவருக்கு வேண்டியது மோட்டாரும் இல்லை, கட்டிலும் இல்லை, தலையில் மொத்தமாக விழுகிற தண்ணீர்.

கேட்கிற அந்தப் பம்புசெட் இதற்குள் பல தோப்புகளில் இல்லாமல் போய்விட்டது. தண்ணீர் ஏழு மீட்டரெல்லாம் தாண்டி எங்கோ போய்விட்டதால் ஆழ்துளைக் கிணறு, அதற்குள் இறக்கிய நீர்மூழ்கி மோட்டார். மோட்டாரும் பம்பும் ஒரே உருளைக்குள். தனித்தனியாக இருந்தால்தானே செட்டு? ஃபுட்வால்வும் சாணித் தண்ணியும் பெல்ட்டும் போயின. செல்போனிலேயே ஓடவிட்டு நிறுத்துகிற ஸ்டார்ட்டரும் வந்துவிட்டது. அதில் ஏதாவது கோளாறென்றால் பிள்ளைகளைக் கூப்பிட்டு, "இந்த செட்டிங்ஸப் பாருப்பா" என்று போனை நீட்டுகிறார்கள்.

அகராதியிலும் செட்டுக்கு இறங்குமுகம்தான். ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் மூன்றாம் பதிப்புக்காகப் பதிவுகளைத் திருத்தி எழுதிக்கொண்டு வந்தவர்கள் 'ரன்' என்ற வினையை எடுத்து வைத்து மாதக் கணக்கில் உட்கார்ந்தார்கள். 645 பொருள் தேறியது என்று 2011-ல் செய்தி வந்தது. ரயிலும் தொழிற்சாலையும் மோட்டாரும் கம்ப்யூட்டரும் சேர்ந்து தூக்கிவிட்ட சொல் அது. அதுவும் கூமாப்பட்டிக்கு வந்து சேர்ந்துவிட்டது. கிரிக்கெட்டில் ரன்னு, லாரிக்காரருக்கு ரன்னிங்கு, கிளம்பும் பஸ்ஸில் தொற்றுவது ரன்னிங்கில் ஏறுவது, தோப்புக்காரருக்கு, "மோட்டாரு ரன்னிங்ல இருக்கு, வயருல கையக் கிய்ய வச்சிராத."